முப்பது மில்லி ஆம்பியர்

மிஷ்கோல்ட்ஸில் நவம்பர் மாதம்
நாலரை மணிக்கே இருட்டிவிடும்.
அது போதாதென்று எங்கள் வீட்டுக்குள் இன்னொரு இருட்டு.
டப்.
சத்தம் அவ்வளவுதான்,
யாரோ விரலைச் சொடுக்கி அழைப்பதுபோல.
குளிர்பெட்டி முனகலை நிறுத்தும்.
உள்ளறையிலிருந்து இல்கா,
"மறுபடியுமா?"
கேள்வி மின்சாரக் கம்பெனியிடம் அல்ல,
என்னிடம்.

ஓவன்தான் என்றோம்.
கசகசா ரொட்டி மூன்று முறை
பாதி வேக்காட்டில் நின்றது.
பழைய கடித உறையின் முதுகில்
நாள், மணி, குற்றவாளி என்று கோடு போட்டு எழுதினேன்.
செவ்வாய், ஆறேகால், ஓவன்.
வியாழன், ஏழு, ஓவன்.
சனி, துணி துவைக்கும் இயந்திரம்; ஓவனும் கூட.
ஞாயிறு, ஹீட்டர் மட்டும். ஓவன் அணைந்திருந்தது.
ஞாயிறை அடித்துவிட்டேன்.
தீர்ப்பு எழுதிய பிறகு வருகிற சாட்சிக்கு
யார் நாற்காலி போடுவார்கள்?

நானும் கீழ்வீட்டு வென்டெலும்
மூச்சு வாங்க மூன்று மாடி இறக்கினோம் அதை.
நிலவறையில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில்,
முகம் சுவரைப் பார்க்க வைத்தோம்.
தவணையில் புதிது வந்தது.
கண்ணாடிக் கதவு, நீல எழுத்தில் மணி.
கோழியை உள்ளே வைத்துப் பன்னிரண்டாம் நிமிடம்,
டப்.

பிறகு பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினேன்.
குளியலறையை இறக்கினேன், விழுந்தது.
கூடத்தை, நடைவழியை,
ஓவனுடையதைத் தவிர எல்லாவற்றையும் இறக்கினேன்.
விழுந்தது.
அணைத்து வைத்த ஒன்று
எங்கே, எப்படிக் கசியும்?

எமொகே வந்தாள், எலெக்ட்ரீஷியன்.
காதோரம் பென்சில், முழங்காலில் தோல் பட்டை.
என் கணக்கை வாங்கிப் பார்த்து
அடித்திருந்த ஞாயிறைத்தான் முதலில் படித்தாள்.
"உங்கள் பிரேக்கர் ஃபேஸை மட்டும்தான் வெட்டும்.
நியூட்ரல் அப்படியே கிடக்கும், எல்லாரோடும் சேர்ந்து.
விழுகிறதே, இது கணக்குப்பிள்ளை.
போனது அத்தனையும் திரும்பி வந்ததா என்று பார்க்கும்.
முப்பது மில்லி ஆம்பியர் குறைந்தால்
கடையைச் சாத்திவிடும்."

மெயினை அணைத்தாள்.
நீல வயர்களைக் கழற்றி
மீட்டரை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.
சமையலறை, நல்லது.
கூடம், நல்லது.
அவள் நல்லது என்று சொல்லச் சொல்ல
எனக்குள் ஓர் ஏமாற்றம்.
நடைவழி விளக்கு.
முள் பூஜ்யத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

நடைவழியில் என்ன இருக்கிறது?
ஒரு விளக்கு.
கோட்டு மாட்ட ஒரு கொக்கி.

மார்ச்சில் ஒரு ராத்திரி.
ஈரக் கோட்டை நாற்காலியில் போடாதே என்றாள் இல்கா.
எத்தனை தடவை என்றாள்.
எனக்குப் பிடிக்காமல் போனது அந்த 'எத்தனை'தான்.
பத்து மணிக்கு டிரில்லை எடுத்தேன்.
சுவருக்குள் எது எங்கே ஓடுகிறது என்று பார்க்கவில்லை.
அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது துளை,
கொக்கி இல்லை.

எமொகே திருகாணியைச் சுழற்றி உருவினாள்.
ஆறு சென்டிமீட்டர்.
நுனியில் மிளகில் கால்வாசி செம்புப் பொடி.
நீலத்தையும் எர்த்தையும் சேர்த்துக் குத்தியிருக்கிறது.
"கோடையில் யாரும் பெரிதாக இழுக்கவில்லை,
இதுவும் சும்மா இருந்தது.
குளிருக்கு யார் அதிகம் சுமந்தார்களோ
அவர்கள் தலையில் விழுந்தது" என்றாள்,
கையைத் துடைத்தபடி, பில் புத்தகத்தைத் தேடியபடி.
பழி ஓரிடம்.

இல்கா வாசற்படியில் நின்று எல்லாம் கேட்டாள்.
எத்தனை என்று எதையும் எண்ணவில்லை.
தன் கோட்டைக் கழற்றி,
சொட்டச் சொட்ட,
நாற்காலியில் போட்டாள்.
"சுவர் காயும்வரை" என்றாள்.

உருளைக்கிழங்கு எடுக்க இறங்கினேன்.
அது அப்படியே நின்றது.
இடுப்பைப் பிடித்துத் திருப்பி வைத்தேன்.
சொல்ல ஒன்றும் தோன்றாமல் கதவைத் திறந்தேன்.
டார்ச் வெளிச்சத்தில், தட்டின் ஓரத்தில்,
கரியாகாமல்
நாலைந்து கசகசா.